இரும்பில் பொறித்த எழுத்து: குறிசுடு துப்பாக்கிகளின் முத்திரைகளும் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

மொழியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் உரிய இப்பொழிவு வரிசையில் படைக்கலம் ஒன்றைப் பற்றிய உரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். துப்பாக்கியின் சுடுதிறனை நாம் இங்கு ஆராயப் போவதில்லை. அதன் இரும்பிலும் மரத்திலும் பொறிக்கப்பட்ட எழுத்துகளையும் எண்களையுமே ஆராயப் புகுகின்றோம். கல்வெட்டைப் படிப்போர் மூன்று வினாக்களை எழுப்புவர்: இதனைப் பொறித்தவர் யார்? எப்போது பொறித்தார்? எதன்பொருட்டுப் பொறித்தார்? இம்மூன்று வினாக்களும் இரண்டாம் உலகப்போரின் துப்பாக்கி ஒன்றுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு துப்பாக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கீழே உள்ள அட்டை அதனைக் குறிசுடுநர் ஒருவர் கையாண்ட துப்பாக்கி என்கிறது. மாணவர் அதனை நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை யாது என்பதே இவ்வுரையின் கேள்வி. ஒரு முத்திரையைக் கண்டவுடன் உண்மையைக் கண்டுவிட்டதாகக் கொள்ளலாமா, அன்றிப் பல முத்திரைகள் தம்முள் ஒத்துச் சாட்சி கூறும்போதுதான் உண்மை துலங்குமா என்பதைப் பிரிட்டிஷ் படையின் ஒரு துப்பாக்கி வகையை முதன்மைச் சான்றாகக் கொண்டு காண்போம்.

சொல்லின் வரலாறு

முதலில் சொற்களைக் காண்போம். துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய, பாரசீக வழியாக இந்திய மொழிகளுக்கு வந்து தமிழில் நிலைபெற்றது. மலாய் மொழியின் செனாப்பாங் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அதே மொழியின் பழஞ்சொல்லாகிய பெடில் என்பதைத் தமிழின் வெடியோடு தொடர்புபடுத்திக் காட்டுவோரும் உளர்.

தொலைவில் மறைந்திருந்து குறிதவறாது சுடுபவரை ஆங்கிலத்தில் ஸ்னைப்பர் என்பர். உள்ளான் என நாம் வழங்கும் பறவைக்கு ஆங்கிலத்தில் ஸ்னைப் என்று பெயர். சதுப்பு நிலத்தில் வாழும் அப்பறவை வளைந்து வளைந்து விரைந்து பறப்பதால் அதனைச் சுட்டு வீழ்த்துதல் அரிது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் உள்ளான் வேட்டையைக் குறிக்க வழங்கிய சொல்லே பின்னர்ப் போர்க்களச் சொல்லாக மாறிற்று. ஒரு பொழுதுபோக்கின் பெயர் ஒரு கொலைத்தொழிலின் பெயரானது. இவ்வுரையில் அவரைக் குறிசுடுநர் என்றே குறிப்போம்.

தெரிவும் மாற்றமும்

பிரிட்டிஷ் காலாட்படையின் பொதுத் துப்பாக்கியாக இரண்டாம் உலகப்போரில் விளங்கியது லீ என்பீல்டு நான்காம் எண் துப்பாக்கி. பல இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட இத்துப்பாக்கிகளுள், சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்டவை தனியே பிரிக்கப்பட்டன. அவற்றில் தொலைநோக்கி பொருத்தப்பட்டு, 'நான்காம் எண், முதல் வகை, டி' என்னும் பெயரில் குறிசுடுநர்க்கு வழங்கப்பட்டன. இங்கு டி என்னும் எழுத்து தொலைநோக்கியைக் குறிக்கும்.

1930களில் சோதனைக்காகச் செய்யப்பட்டிருந்த துப்பாக்கிகள் சில முதலில் என்பீல்டு அரசுத் தொழிற்சாலையிலேயே மாற்றியமைக்கப்பட்டன. 1942 முதல் இப்பணி லண்டனின் புகழ்பெற்ற வேட்டைத் துப்பாக்கி நிறுவனமாகிய ஹாலந்து அண்டு ஹாலந்திடம் ஒப்படைக்கப்பட்டது. போர் முடிவதற்குள் அந்நிறுவனம் 20,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மாற்றியமைத்தது. அவற்றுள் பெரும்பாலானவை பர்மிங்காம் அருகே ஷர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. தொழிற்சாலையில் பிறந்தவை.

மாற்றம் என்பது என்ன? துப்பாக்கியின் இடப்பக்கச் சுவரில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இரும்புத் திண்டுகள் திருகாணிகளால் இறுக்கப்பட்டன. தொலைநோக்கியைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தாங்கி, கையால் திருகும் இரண்டு பெரிய திருகுகளால் அத்திண்டுகளில் பூட்டப்பட்டது. சுடுபவர் கன்னத்தை ஊன்றுவதற்குப் பின்கட்டையின்மேல் ஒரு மரத்துண்டு பொருத்தப்பட்டது. பின்னர் 200 கஜத் தொலைவில் சுடப்படும் 7 குண்டுகளும் 5 அங்குல வட்டத்துக்குள் அமைய வேண்டும். 400 கஜத்தில் 7இல் 6 குண்டுகள் 10 அங்குல வட்டத்துக்குள் அமைய வேண்டும். இத்தேர்வில் வென்றதே படைக்குச் சென்றது.

எழுத்துகள் கூறுவன

இப்படிநிலைகள் ஒவ்வொன்றும் துப்பாக்கியின் உடலில் ஒரு தடத்தை விட்டுச் சென்றது. பின்கட்டை வந்து பொருந்தும் இரும்புக் கூட்டின் இடப்பக்கத்தில் தொடர் எண்ணும், தொழிற்சாலைக் குறியும், ஆண்டும் இருக்கும். பி.எஸ்.ஏ. ஷர்லியின் குறி 'எம் 47 சி'. போர்க்காலத்தில் பகைவர் கையில் துப்பாக்கி அகப்பட்டாலும் அது செய்யப்பட்ட இடம் வெளிப்படலாகாது என்பதால், நிறுவனப் பெயருக்கு மாறாக இத்தகைய மறைகுறிகள் வழங்கின. இங்கிலாந்தின் வடபகுதிக்கு எண், நடுப்பகுதிக்கு எம், தென்பகுதிக்கு எஸ் என முதலெழுத்து அமைந்தது. மறைப்பதற்காகப் பொறித்த அக்குறியே இன்று வரலாற்றைத் திறக்கும் திறவுகோலாக நிற்கின்றது.

அதே கூட்டின் இடப்பக்கத்தில் 'டிஆர்' என்னும் ஈரெழுத்து இருந்தால், அத்துப்பாக்கி தொலைநோக்கிக்கு உரியதெனத் தொழிற்சாலையில் தெரிவு செய்யப்பட்டது என்று அறிகின்றோம். உடற்பகுதியின் இடச்சுவரில் உள்ள 'டி' மாற்றம் நிறைவுற்றதைக் காட்டும். பின்கட்டையின் அடிப்புறத்தில் காணப்படும் 'எஸ் 51' ஹாலந்து அண்டு ஹாலந்தின் மறைகுறி.

இம்மூன்றும் ஒரே செய்தியை மும்முறை கூறுவன அல்ல என்பதை மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். முதலாவது தெரிவைக் கூறுகிறது. இரண்டாவது தகுதியைக் கூறுகிறது. மூன்றாவது பணிசெய்த கையைக் கூறுகிறது. தெரிவு செய்யப்பட்டதெல்லாம் மாற்றியமைக்கப்பட்டது என்று கொள்வதற்கில்லை. ஆகவே 'டிஆர்' மட்டும் கொண்டு ஒன்றனைக் குறிசுடு துப்பாக்கி எனல் பிழையாகும். அவ்வாறே 'எஸ் 51' இல்லாமையால் ஒன்றனைப் போலி எனலும் பிழையாகும். என்பீல்டில் மாற்றப்பட்டவற்றிலும் கனடாவின் லாங் பிராஞ்சில் உருவானவற்றிலும் அக்குறி இருப்பதற்குக் காரணமே இல்லை. மேலும் அது மரத்தில் உள்ள குறி. மரம் உடைந்து புதுக்கட்டை மாற்றப்பட்டால் குறியும் உடன் மறையும்.

எண்களின் உடன்பாடு

எழுத்துகளைவிட வலிமையான சான்று எண்களில் உள்ளது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குறிப்பிட்ட தொலைநோக்கியே இணைத்துச் சரிபார்க்கப்பட்டது. தாங்கி அத்துப்பாக்கியின் திண்டுகளுக்கென இழைத்துப் பொருத்தப்பட்டது. ஒன்றன் தொலைநோக்கியை மற்றொன்றில் பூட்டினால் குறி பிறழும். படைக்கொட்டிலில் இவை கலந்துவிடாதிருக்க எண்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பொறிக்கப்பட்டன.

துப்பாக்கியின் தொடர் எண் தாங்கியின்மேல் பொறிக்கப்பட்டது. தொலைநோக்கியின் எண் பின்கட்டையின் கழுத்தில், இரும்புக் கூட்டுக்குப் பின்னால் மேற்புறத்தில், மரத்தில் பொறிக்கப்பட்டது. போல்ட்டிலும் முன்கட்டையின் நுனி அடிப்புறத்திலும் துப்பாக்கியின் எண் மீண்டும் வரும். ஆக, இரும்பும் மரமும் பித்தளையும் ஒன்றையொன்று பெயர்சொல்லி அழைக்கின்றன. இவ்வுடன்பாடு எந்த நிபுணரையும் மகிழ்விப்பதற்காக ஏற்பட்டதன்று. இரவில் பொருள்களை எடுத்துவைக்கும் ஒரு படைக்கொட்டில் காவலர் தவறாதிருக்க ஏற்பட்டது. வருங்கால வரலாற்றாசிரியரை எண்ணாமல் எழுதப்பட்டது என்பதனாலேயே அதன் மதிப்பு கூடுகிறது.

தொலைநோக்கியும் தனக்கென ஓர் ஏடு வைத்திருக்கிறது. அதன் குழாயில் 32ஆம் எண் என்னும் பெயர், வகை, செய்தவர் குறி, ஆண்டு, எண், அரசுடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறி ஆகியன உள்ளன. முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கென வகுக்கப்பட்ட இத்தொலைநோக்கி மூன்று வகைகளில் வந்தது. மூன்றாம் வகை போரின் பிற்பகுதியில்தான் தோன்றியது. எனவே, போரின் தொடக்க ஆண்டுகளில் களம் கண்டதாகக் கூறப்படும் துப்பாக்கியில் மூன்றாம் வகைத் தொலைநோக்கி இருக்குமாயின், அக்கூற்றில் ஒரு விளக்கம் விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

அடிக்கப்பட்ட எண்கள்

அவ்விளக்கம் பல வேளைகளில் துப்பாக்கியிலேயே கிடைக்கும். பின்கட்டைக் கழுத்தில் ஓர் எண் குறுக்குக்கோட்டால் அடிக்கப்பட்டு, அருகே வேறோர் எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். முதல் தொலைநோக்கி பழுதுபட்டது. படைக்கலச் சாலை வேறொன்றைப் பொருத்திச் சரிபார்த்தது. பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணைப் பதித்தது. பார்ப்பவருக்கு இது களங்கமாகத் தோன்றலாம். வரலாற்றாசிரியருக்கோ இது ஒரு நாட்குறிப்பின் இரண்டாம் பக்கம். ஒரு பொருள் நெடுங்காலம் மெய்யாகவே பயன்பட்டது என்பதற்கு இதனினும் இயல்பான சான்று அரிது.

போருக்குப் பின் பல துப்பாக்கிகள் தொழிற்சாலையில் முழுப் பழுதுபார்ப்புக்கு உள்ளாயின. அதனைக் காட்டும் 'எஃப்டிஆர்' என்னும் மூவெழுத்தும் ஆண்டும் உடலில் எழுதப்பட்டன. 1970 அளவில் இத்துப்பாக்கிகளுள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவை 7.62 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏற்பக் குழல் மாற்றப்பட்டு, 'எல் 42 ஏ 1' என்னும் புதுப்பெயர் பெற்றன. 1982இல் நடந்த பாக்லாந்து போரிலும் அவை பயன்பட்டன. 1940களில் பிறந்த உடல் 40 ஆண்டுக்குப் பின்னரும் களத்தில் நின்றது. அத்தகைய ஒன்றனை எடுத்து, பிற்காலக் குழலைக் கழற்றி, இரண்டாம் உலகப்போர்க் கோலத்துக்குத் திருப்பினால் பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அதன் வாழ்வின் பெரும்பகுதி அழிந்துபோகும்.

படையை விட்டு நீங்கிய நாளும் முத்திரையில் பதிவாகும். இரண்டு அகன்ற அம்புக்குறிகள் நுனியோடு நுனி முட்டுமாறு பொறிக்கப்பட்டிருந்தால், அரசு அதனை விற்றுவிட்டது என்று அறியலாம். வணிகச் சந்தைக்கு வந்தபின் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனை மன்றத்தின் முத்திரைகளும் குழலில் ஏறும்.

போலி எவ்வாறு பிறக்கிறது

பொதுத் துப்பாக்கிக்கும் குறிசுடு துப்பாக்கிக்கும் உடல் ஒன்றே. விலையோ பன்மடங்கு வேறுபடும். இவ்விடைவெளியில்தான் போலி பிறக்கிறது. திண்டுகளும் தாங்கிகளும் ஏன் தொலைநோக்கிகளும்கூட இக்காலத்தில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. எழுத்து அச்சுகளை வாங்குதலும் எளிது. சுத்தியலின் மூன்று அடிகளில் 'டி', 'டிஆர்', 'எஸ் 51' மூன்றையும் ஏற்றிவிடலாம்.

ஆகவே ஆய்வாளர் எழுத்து உளதா என்பதோடு நிற்பதில்லை. எழுத்து எவ்வாறு அமர்ந்திருக்கிறது என்றும் பார்க்கின்றார். அச்சால் அடிக்கப்பட்ட எழுத்தின் ஓரத்தில் இரும்பு சிறிது மேலெழும். நெடுங்காலக் கைபடுதலால் அவ்விளிம்பு மழுங்கும். மழுங்காத விளிம்பும் பளபளக்கும் அடிப்பள்ளமும் புதுமையைக் காட்டிக் கொடுக்கும். எழுத்தின் வடிவும் அளவும் அத்தொழிற்சாலை அவ்வாண்டில் வழங்கியவற்றோடு ஒக்க வேண்டும். இரும்பின் மேற்பூச்சு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கிறதா, அன்றி எழுத்து பூச்சை வெட்டிக்கொண்டு நிற்கிறதா என்பது முன்பின் வரிசையைச் சொல்லும். திருகாணிகள் அசையாதிருக்க அவற்றின் ஓரம் உளியால் குத்தி இறுக்கப்பட்டது. அக்குத்துத் தடம் இருமுறை காணப்பட்டால் யாரோ பின்னர்க் கழற்றியிருக்கின்றனர். தாங்கியைப் பூட்டிக் கழற்றிய நூற்றுக்கணக்கான முறைகள் திண்டின் முகத்தில் தேய்மானமாகப் படிந்திருக்கும். புதுத் திண்டில் அது இராது.

இதில் வணிக மோசடியைக் கடந்த இழப்பு ஒன்றுள்ளது. ஒரு போலிக் குறிசுடு துப்பாக்கியை உண்டாக்க, உண்மையான பொதுத் துப்பாக்கி ஒன்றனைத் துளையிட வேண்டும். பெயரறியாத ஒரு காலாட்படை வீரர் சுமந்த துப்பாக்கியின் மெய்யான வரலாறு, இன்னொருவரின் பொய்யான புகழுக்காக அழிக்கப்படுகிறது. இட்ட துளையை மூடலாம். இழந்த சான்று மீளாது.

பிற நாட்டு வழக்கங்கள்

முத்திரையின் இலக்கணம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதற்கு இரண்டு சான்றுகளைச் சுருங்கக் காண்போம்.

அமெரிக்கப் படைக்காக ரெமிங்டன் நிறுவனம் ஏறத்தாழ 28,000 குறிசுடு துப்பாக்கிகளைச் செய்தது. அவ்வகையின் பெயர் 'எம் 1903 ஏ 4'. ஆயினும் அதன் உடலில் 'ஏ 4' என்னும் குறி இல்லை. பொதுத் துப்பாக்கிக்குரிய 'ஏ 3' என்பதே பொறிக்கப்பட்டுள்ளது. வேறுபாடு எழுத்தில் அன்று, எழுத்தின் இடத்தில் உள்ளது. மேலே தொலைநோக்கித் தாங்கி அமர்வதால் எழுத்து மறைந்துவிடாதபடி, பெயர் ஒருபுறமும் தொடர் எண் மறுபுறமுமாக விலக்கிப் பொறிக்கப்பட்டன. 'ஏ 4' என்று தெளிவாகப் பொறித்த ஒன்றனைக் காணும் அறிஞர் அந்த எழுத்தினாலேயே ஐயம் கொள்வார்.

சோவியத் ஒன்றியத்தின் மோசின் நாகண்ட் வகையில் தொலைநோக்கியின் எண் குழலின் அடிப்பகுதியில் இடப்பக்கத்தில் பொறிக்கப்பட்டது. போருக்குப் பின் பலவற்றின் தொலைநோக்கிகள் கழற்றப்பட்டுத் துளைகள் அடைக்கப்பட்டன. பிற்காலத்தில் வணிகர் சிலர் அவற்றில் மீண்டும் தொலைநோக்கி பொருத்தி விற்றனர். மேலும் சோவியத் படைக்கலச் சாலைகளே பழுதுபார்த்தபோது உறுப்புகளின் பழைய எண்களைத் தேய்த்துவிட்டு ஒரே எண்ணைப் பதித்ததுண்டு. அங்கு எண்களின் உடன்பாடு பிறப்பின் உடன்பாடு ஆகாது; பழுதுபார்த்த நாளின் உடன்பாடே ஆகும். பிரிட்டிஷ் துப்பாக்கிக்குக் கற்ற விதியை அப்படியே சோவியத் துப்பாக்கிக்கு ஏற்றினால் முடிவு தவறும்.

கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும்

தமிழ் வரலாற்றுக் கல்விக்கு இம்முறை புதிதன்று. ஜே. எஃப். பிளீட் போன்ற அறிஞர் இந்தியச் செப்பேடுகளுள் போலியானவற்றைப் பிரித்துப் பட்டியலிட்டபோது இதே வழியில்தான் சென்றனர். அரசன் பெயர் பொருந்துகிறதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எழுத்தின் வடிவம் அவ்வாண்டுக்கு உரியதா, குறிப்பிட்ட நாளும் கோளும் இசைகின்றனவா, நடை அக்காலத்ததா என்று வினவினர். செப்பேட்டுப் போலியின் நோக்கம் நிலவுரிமை. துப்பாக்கிப் போலியின் நோக்கம் விலை. நோக்கம் வேறாயினும் ஆய்வுமுறை ஒன்றே.

வகுப்பறைக்கு இதிலிருந்து மூன்று பழக்கங்களை எடுத்துச் செல்லலாம். முதலாவது, ஒரு சான்றை அதற்குத் தொடர்பில்லாது எழுந்த மற்றொரு சான்றோடு ஒப்பிடுதல். மரத்தின் எண்ணும் தொலைநோக்கியின் எண்ணும் வெவ்வேறு கைகளால் வெவ்வேறு பொருள்களில் பொறிக்கப்பட்டவை. ஆதலால் அவை ஒத்தால் அந்த ஒப்புமைக்கு எடை உண்டு. ஒரே நாளில் ஒரே அச்சால் அடித்த மூன்று எழுத்துகள் எண்ணிக்கையில் மூன்றாயினும் சாட்சி ஒன்றே. இரண்டாவது, இல்லாத குறிக்குக் காரணம் தேடுதல். இன்மை சில இடங்களில் போலியைக் காட்டும். சில இடங்களில் உண்மையையே காட்டும். மூன்றாவது, முடிவின் அளவை அறிந்து கூறுதல். 'இது குறிசுடு துப்பாக்கியாகத் தெரிவு செய்யப்பட்டது' என்பது ஒரு கூற்று. 'இது மாற்றியமைக்கப்பட்டுப் படையில் பணிபுரிந்தது' என்பது வேறொரு கூற்று. 'இதனை இன்னார் இன்ன களத்தில் ஏந்தினார்' என்பது முற்றிலும் வேறான கூற்று. முதல் இரண்டுக்கும் இரும்பு சாட்சி கூறும். மூன்றாவதற்குப் படைப்பிரிவின் ஏடோ கடிதமோ வேண்டும். துப்பாக்கியின் எந்த முத்திரையும் அதனை ஏந்தியவர் பெயரைச் சொல்வதில்லை.

முடிவுரை

குறிசுடு துப்பாக்கி மனிதரைக் கொல்வதற்காகச் செய்யப்பட்ட கருவி. அதனைப் போற்றும் நோக்கம் நமக்கில்லை. ஆயினும் அத்துப்பாக்கியின் முன்பும் பின்பும் மனித உயிர்கள் இருந்தன. அவர்களைப் பற்றி நாம் சொல்லும் எதுவும் உண்மையாக இருத்தல் வேண்டும் என்பது அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய குறைந்த அளவு மரியாதை. போரின் கதை ஒரு பொய்த் துப்பாக்கியில் தொடங்குமாயின், அதனைக் கேட்டு வளரும் தலைமுறை போரையும் பொய்யாகவே அறியும்.

அடுத்த முறை அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், அட்டையைப் படிக்கும் முன் பொருளைப் படிக்குமாறு அவர்களிடம் கூறலாம். எழுத்து எங்கே இருக்கிறது, எந்த எண் எந்த எண்ணோடு ஒக்கிறது, எது அடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதச் செய்யலாம். அட்டையில் உள்ள கூற்றுக்குப் பொருளில் உள்ள சான்று போதுமா என்று வினவச் செய்யலாம். விடை எதுவாயினும், அவ்வினாவை எழுப்பக் கற்ற மாணவர் வரலாற்றைக் கற்கத் தொடங்கிவிட்டார் எனலாம்.